கொடைக்கானலில் என் நிழல்

எங்கள் அப்பா எடுத்த படங்களில் யாருக்கும் தலை இருக்காது. மகாபலிபுரத்தில் எடுத்த படத்தில் அம்மாவின் புதுப் புடவை கரையோடு துல்லியமாக விழுந்திருக்கும். கையில் கூடை, காலில் செருப்பு எல்லாம் இருக்கும். கழுத்துக்கு மேல் யார் என்பதை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். திருப்பதியில் நான் மொட்டை போட்டுக்கொண்டதற்குச் சாட்சியாக அப்பா ஒரு படம் எடுத்தார். அதில் மொட்டை மட்டும் இல்லை.

காமிரா ஒரு கறுப்பு டப்பா. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடது பக்கம் இருப்பவர் வலது பக்கம் தெரிவார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பின்னால் ஒரு சிவப்பு ஜன்னலில் எண் தெரியும்வரை திருகியைத் திருக வேண்டும். மூர் மார்க்கெட் நடைபாதையில் காமிராவோடு சேர்த்து, பிரயாணப் படங்களை நன்றாக எடுப்பது எப்படி என்ற ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தையும் அப்பா வாங்கி வந்திருந்தார். அதிலுள்ள விதிகள் அவருக்குச் சந்தியாவந்தனத்தைவிட நன்றாக மனப்பாடம். சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலை அகட்டி நிற்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். முன்னால் ஒரு மரக்கிளை தெரிந்தால் படத்துக்கு ஆழம் வரும். நிற்பவர்கள் காமிராவைப் பார்க்காமல் தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும். இத்தனை விதிகளைக் கடைப்பிடித்து அவர் பொத்தானை அழுத்துவதற்குள் தலை போய்விடும்.

"அடுத்த தடவை தலைக்குன்னு தனியா ஒரு படம் எடுத்துடுங்கோ. ரெண்டையும் ஒட்டிக்கலாம்" என்பாள் அம்மா.

இப்படிப்பட்ட அப்பாவின் கையில் ஒருமுறை என் சித்தியின் பி.ஏ. பட்டம் மாட்டிக்கொண்டது.

சித்தி அம்மாவின் தங்கை. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போது நல்ல இடம் வந்தது என்று தை மாதத்தில் கல்யாணம் செய்துவிட்டார்கள். புகுந்த வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஏப்ரலில் பரிட்சை. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த சித்தியின் மாமனார், பரிட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும் திறந்தார். "படிச்ச வரைக்கும் போறும். நம்மாத்து மாட்டுப்பொண் வெளியில போய்ப் பரிட்சை எழுதற வழக்கம் இல்லை" என்றார். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம்கூடக் கொஞ்சம் மெதுவாக அடிக்கும். சித்தப்பா வங்கியில் வேலை பார்ப்பவர், ஆனாலும் தன் அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார். எதிர்த்துப் பேச அவருக்கு நாக்கு எழும்பாது. பொய் சொல்ல மட்டும் எழும்பியது.

கொடைக்கானலுக்குப் போய் வருகிறோம் என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், அந்தக் கல்யாணத்தில் வந்த பெண்ணின் பரிட்சைக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா என்பது அவர் கட்சி.

மாமனார் உடனே சம்மதித்தது எல்லாருக்கும் ஆச்சரியம். விஷயம் என்னவென்றால், அவர் இளவயதில் ஆபீஸ் வேலையாக ஒருமுறை கொடைக்கானல் போயிருக்கிறார். அதைப் பற்றி மாலைவேளைகளில் குளக்கரைச் சிநேகிதர்களிடம் சொல்லிச் சொல்லி, கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தது. இப்போது புதிதாகக் காட்டுவதற்குப் படம் வேண்டும். "ஏரியையும் தூண் பாறையையும் கண்டிப்பாப் படம் எடுத்துண்டு வரணும். உன் ஷட்டகர்கிட்ட அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கோ. ஆனா நீ எடு. அவர் எடுக்கறாப்பல எடுக்காதே" என்று சித்தப்பாவிடம் சொல்லியனுப்பினார். சித்தப்பாவின் ஷட்டகரான எங்கள் அப்பாவின் புகழ் மயிலாப்பூர் வரை பரவியிருந்தது. சித்தியின் கல்யாணத்தில் அவர் எடுத்த படங்களில் மாமனாரை அங்கவஸ்திரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

சித்தியின் மாமியார் அதிகம் பேசாதவர். பெட்டியில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ஒரு ஃபிளாஸ்க் எல்லாம் வைத்தார். கூடவே அன்றைக்கு அரைத்த காப்பிப் பொடியும் ஒரு டப்பா. மலையில் நல்ல காப்பி கிடைக்காது என்றாராம்.

எழும்பூரில் மாமனாரே வந்து ரயிலேற்றிவிட்டார். இருவரும் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்கள். தாம்பரத்தில் இறங்கினார்கள். மின்சார ரயிலில் பரங்கிமலைக்குத் திரும்பி, ரிக்‌ஷா வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆதம்பாக்கம் அப்போது மயிலாப்பூர்க்காரர்கள் யாரும் காரணமில்லாமல் வந்து எட்டிப் பார்க்கிற இடம் இல்லை. கொடைக்கானல் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் அதுவும்.

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு பரிட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "யார் கேட்டாலும் சித்தி கொடைக்கானல்ல இருக்கா. பரிட்சைங்கற பேச்சே உன் வாயில வரக் கூடாது" என்றாள். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் யாரும் அதற்கு முன் ஒப்படைத்ததில்லை. அன்றிலிருந்து தயிர்க்காரி "நல்லாக்கீறியா பாப்பா" என்று கேட்டால்கூட நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

சித்தி பின்கட்டு அறையில் படித்தாள். சித்தப்பா காப்பி போட்டார். மாமியார் கொடுத்தனுப்பிய பொடியில் டிகாக்ஷன் இறக்கி, சூடாக ஆற்றி, கதவைத் தட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைப்பார். பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டு சித்தியிடம் கேள்வி கேட்பார். பரிட்சை நாட்களில் சித்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரயிலேறுவாள். சித்தப்பா நாலு அடி தள்ளி, யாரோ மாதிரி கூடவே போவார். பரிட்சை முடியும்வரை ஏதோ மரத்தடியில் நின்றுவிட்டு, அதே மாதிரி கூட்டிக்கொண்டு வருவார். ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டிக்குக் காப்பி போடுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

பரிட்சைகளுக்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் படத்துக்கு ஒதுக்கினார்கள். மறுநாள் சித்திக்குச் சரித்திரப் பரிட்சை. அவளுக்கு வர மனமே இல்லை. ஆனால் மாமனார் கேட்டது ஏரியும் தூண் பாறையும். படம் இல்லாமல் திரும்பினால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். பொய் வெளிப்பட்டால் எழுதின பரிட்சை வீண், மிச்சப் பரிட்சையும் வீண், சித்தி அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அப்பா அன்று விடியும் முன்பே குளித்து விபூதி பூசிக்கொண்டார். அவரை அவ்வளவு கவலையாக நான் பார்த்ததில்லை.

முதல் பஸ்ஸைப் பிடித்து அடையாறு போய், அங்கிருந்து நடந்தோம். பெசன்ட் நகர் அப்போது பாதி மணல், பாதி முள். ஊரூர்க் குப்பத்தைத் தாண்டிக் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அப்பா அதை முதல் நாளே வந்து பார்த்து வைத்திருந்தார். சவுக்கு மரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மலையில் இருக்கிற பைன் மரம் மாதிரியே இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கடல் படத்தில் வந்துவிடக் கூடாது. அதனால் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுக்க வேண்டும். காலையில் சூரியனும் அந்தப் பக்கம்தான். புத்தகத்தின் முதல் விதியும் சரியாகிவிட்டது.

சித்தி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் சித்தப்பா, குரங்குக் குல்லாவோடு. அப்பா காமிராவை வயிற்றில் அணைத்துக் காலை அகட்டினார்.

"தலை, தலை" என்றாள் அம்மா.

"தெரியறதுடி."

"உங்களுக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. இன்னும் பின்னால போங்கோ."

அப்பா பின்னால் போனார். அம்மா இன்னும் என்றாள். கிட்டத்தட்ட அலை காலில் படுகிற இடம்வரை போனார். நானும் அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். என் வேலை, தேவைப்படும்போது காமிராவுக்கு முன்னால் ஒரு கிளையைப் பிடிப்பது. ஆழம் வருவதற்கு. இந்த முதல் படத்துக்குக் கிளை வேண்டாம் என்றார். மூச்சை அடக்கினார். அவரோடு நாங்கள் எல்லாரும் அடக்கினோம்.

வெயில் ஏற ஏற சித்தியின் நெற்றியில் வேர்வை கொட்ட ஆரம்பித்தது. அம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஓடிப்போய்த் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டு வந்தாள். சித்தி ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கரையில் இழுத்துப் போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, ஸ்வெட்டரோடு சரித்திரம் படித்தாள். "அத்திம்பேர், எனக்கு இன்னும் பானிப்பட்டே முடியலை. சீக்கிரம் எடுங்கோ" என்றாள்.

குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வந்த ஒரு அம்மாள் இதையெல்லாம் நின்று பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"இன்னா நைனா, இந்த வெய்யில்ல சொட்டர் போட்டுக்கினு குந்திக்கினு கீது அந்தப் பொண்ணு? ஜொரமா?"

"இல்லைம்மா. படம் எடுக்கறோம்."

"ஷூட்டிங்கா? ஈரோ எங்க கீறாரு?"

அப்பா குரங்குக் குல்லாவைக் காட்டினார். அந்த அம்மாள் சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "அவுரா" என்று மட்டும் சொன்னாள்.

தூண் பாறைதான் பாக்கி. சென்னைக் கடற்கரையில் தூண் பாறைக்கு எங்கே போவது? ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு யோசனை அப்பாவுக்குத் தோன்றியது. கொடைக்கானலில் பனி விழும். பனி விழுந்தால் பாறை தெரியாது. தெரியாத பாறையைப் படம் எடுப்பதில் என்ன கஷ்டம்? காய்ந்த சருகைக் கூட்டி நெருப்பு வைத்தோம். புகையே வரவில்லை, குபுகுபுவென்று எரிந்தது. மீன்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பொகைதானே வோணும்? ஈரச் சருவு போடு நைனா" என்று அவளே ஈர மட்டையும் பாசியும் கொண்டுவந்து போட்டு, கூடை மூடியால் விசிறினாள். அரை நிமிஷத்தில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. அந்தப் புகைக்குள் சித்தப்பா ஒற்றை விரலை நீட்டி எதையோ காட்ட, சித்தி அந்தப் பக்கம் பார்த்துக் கண்ணில் நீர் வழிய நிற்க, அப்பா பொத்தானை அழுத்தினார்.

ஏரிக்கு அடையாற்றுக் கழிமுகத்துக்கு நடந்தோம். அசையாத தண்ணீர், ஒரு படகு, தூரத்தில் மரங்கள். மணல்மேடு தெரியாமல் இருக்க நான் ஒரு புங்கங்கிளையைக் கை வலிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஜன்னலில் கடைசி எண் வந்தபோது நான் கேட்டேன்.

"அப்பா, என்னை ஒண்ணு எடுப்பா."

"நீ எப்படிடீ வருவே? நீதான் கொடைக்கானல் போகலையே" என்றார் அப்பா.

நியாயம்தான். ஆனால் எனக்கு அழுகை வந்தது. அன்று புது ரிப்பன் வைத்து ரெட்டைப் பின்னலை மடித்துக் கட்டச் சொல்லி அம்மாவை வதைத்திருந்தேன். காலையிலிருந்து கிளை பிடித்தவள் நான். போகாத ஊருக்குப் போனதாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பன்னிரண்டு படம், எனக்கு ஒன்றுகூட இல்லை. திரும்புகிற வழி முழுக்க எல்லாருக்கும் பத்தடி முன்னால் நடந்தேன்.

படத்தைக் கழுவ மயிலாப்பூரில் கொடுக்க முடியாது. மாமனார் தினமும் நடந்து போகிற வழியில் ஸ்டுடியோ இருக்கிறது. தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில் கொடுத்தார் அப்பா. கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார். வாங்கப் போனபோது கடைக்காரர், "எந்த மலை சார் இது? நல்ல பனியா இருக்கே" என்று கேட்டாராம். அப்பா அந்தக் கேள்வியை வீட்டுக்கு வந்து நாலைந்து தடவை சொன்னார்.

அம்மா படங்களை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "ஏன்னா, எல்லாருக்கும் தலை இருக்கு" என்றாள். அவள் குரலில் இருந்த நம்பிக்கையின்மையை அப்பா கவனிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுருள் முழுக்கத் தலையோடு எடுத்துவிட்டார்.

நானும் பார்த்தேன். முதல் படத்தில்தான் அது இருந்தது. மரத்தடியில் சித்தியும் சித்தப்பாவும் எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் சவுக்குச் சருகின் மேல் நீளமாக இரண்டு நிழல்கள். ஒன்று பெரியது, முழங்கையை இரண்டு பக்கமும் விரித்துக் குனிந்து நிற்கிற அப்பாவுடையது. பக்கத்தில் சின்னது. மடித்துக் கட்டிய பின்னல் இரண்டு பக்கமும் வளையமாக, மேலே ரிப்பன் இரண்டு காது மாதிரி விரிந்து, நான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்ன புத்தகம், அப்படி வைத்தால் நிழல் எங்கே விழும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லாரும் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் காலடியை யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா அந்தப் படத்தைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில், நாலு மூலையிலும் முக்கோணக் காகிதம் வைத்துச் செருகினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவார்கள். கொடைக்கானலில் நானும் இருக்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. மூன்று நாளாக இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

கடைசிப் பரிட்சை முடிந்த மறுநாள் சித்தியும் சித்தப்பாவும் கொடைக்கானலிலிருந்து திரும்பினார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களை மயிலாப்பூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் முன்கூடத்தில் பரிட்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் சித்தியும் சமையலறையில். உள்கூடத்தில் சித்தியின் மாமியார், எனக்கு மாமி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

மாமி முதல் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆல்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆல்பத்தைப் பார்த்தார். பிறகு, "இங்கே வா" என்றார். நான் போனேன். என் பின்னல் மடிப்பைத் தொட்டு, அவிழ்ந்திருந்த ஒரு ரிப்பனை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டார்.

"பரிட்சையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமி."

"உங்காத்துல எல்லாரும் நன்னா எழுதினாளா?"

நான் உஷாரானேன். இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். "எங்காத்துல நான் மட்டும்தான் மாமி பரிட்சை எழுதினேன். வேற யாரும் எழுதலை. சித்தி கொடைக்கானல்ல இருந்தா" என்று தடுமாறாமல் சொன்னேன்.

"அப்படியா. சமத்து" என்றார் மாமி. சிரித்தாரா என்று நினைவில்லை. ஆனால் கை என் தலையில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்த முதல் படத்தை நாலு மூலையிலிருந்தும் மெதுவாக உருவி, இடுப்பில் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். அது என் படம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நான் கொடைக்கானலில் என்ன செய்தேன் என்று கேட்பாரே.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் வந்து சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து ஆல்பத்தை வாங்கிக்கொண்டார். ஏரியைப் பார்த்து, "தண்ணி கொஞ்சம் வத்தியிருக்கு" என்றார். தூண் பாறையின் பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ பாரு. நான் போனபோதும் இப்படித்தான். ஒண்ணுமே தெரியலை. நாப்பது வருஷத்துல அந்தப் பனி மட்டும் மாறவே இல்லை." நான் மீன்கார அம்மாளை நினைத்துக்கொண்டேன்.

"உங்க ரெண்டு பேரையும் சேர்த்து யாருடா எடுத்தா?"

"ஓட்டல்ல ஒரு பையன்" என்றார் சித்தப்பா, நின்றுகொண்டே.

"பலே பையன். எல்லாருக்கும் தலை இருக்கு பாரு." மாமனார் அப்பா பக்கம் திரும்பினார். "நீரும் கொடைக்கானல் போய் அந்தப் பையன்கிட்ட ஒரு வாரம் கத்துண்டு வரலாம்."

அப்பா சிரித்தார். அவர் அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. படங்கள் எல்லாவற்றிலும் தலை இருந்ததால்தான் அவற்றை எடுத்தது அவர் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருடைய ஒரே வெற்றி முகம் தெரியாத ஒரு ஓட்டல் பையனுக்குப் போனது.

மாமனார் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "இங்க ஒண்ணு இருந்திருக்கே. எங்கே?"

சித்தப்பா ஆல்பத்தைப் பார்த்து வெளிறிப்போனார். அவருக்கும் தெரியாது.

"அது ஆடிப்போயிருந்தது. யார் என்னன்னே தெரியலை. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் மாமி.

"ஆடியிருக்காதே. மூச்சை அடக்கிண்டுதானே..." என்று அப்பா எழுந்தேவிட்டார். சமையலறை நிலைப்படியிலிருந்து அம்மா, "ஏன்னா, இலை போட்டாச்சு. கை அலம்பிண்டு வாங்கோ" என்று சொன்ன வேகத்தில் அப்பாவுக்கு நினைவு வந்து, அப்படியே கொல்லைப்பக்கம் நடந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "மாமி என் படத்தை எடுத்துண்டுட்டா" என்று அழுதேன்.

"உன் படம் ஏதுடி?" என்றாள் அம்மா.

நிழலைப் பற்றிச் சொன்னேன். ரிப்பனைக் கட்டிவிட்டதைச் சொன்னேன். கேட்ட கேள்வியையும் நான் சாமர்த்தியமாகச் சொன்ன பதிலையும் சொன்னேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். அம்மா மட்டும், "தூக்கிப் போட்டுட்டேன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"ஆமாம். ஆனா போடலை. இடுப்புல வெச்சுண்டிருக்கா."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் போனது எனக்கு, அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

சித்தி தேறிவிட்ட செய்தி ஜூன் மாதம் ஒரு காலைப் பேப்பரில், வெறும் எண்ணாக வந்தது. எங்கள் வீட்டில் பார்த்துவிட்டு அம்மா பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள். அன்று சாயங்காலம் சித்தப்பா மயிலாப்பூரிலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். "அம்மா திடீர்னு கிளறினா. இன்னிக்கு என்ன விசேஷம்னு அப்பா கேட்டார். சும்மாத் தோணித்துன்னு சொல்லிட்டா" என்றார். அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை போலிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இதை உங்கிட்ட குடுக்கச் சொன்னா."

இரண்டு சாட்டின் ரிப்பன், அரக்குச் சிவப்பு. நல்ல ரிப்பன்தான். ஆனால் ரிப்பனைக் கொடுத்துவிட்டால் படத்துக்குச் சரியாகிவிடுமா என்று எனக்கு மாமியின் மேல் கோபம் குறையவில்லை. இருந்தாலும் உடனே அம்மாவிடம் கட்டிவிடச் சொல்லி, முற்றத்து வெயிலில் போய் நின்று நிழலைப் பார்த்தேன். இரண்டு காதும் நன்றாக விரிந்து விழுந்திருந்தன. அந்த மாமியிடமிருந்து சித்தியின் ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றியது நான் ஒருத்திதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.